வெண்டல் ஸ்காட்டின் 495 பந்தயங்கள்

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், டான்வில் ஊரில் கார்ப் பந்தயம் நடத்தியவர்களுக்கு வசூல் போதவில்லை. கறுப்பின ஓட்டுநர் ஒருவரைக் களத்தில் இறக்கினால் வேடிக்கை பார்க்கவாவது ஜனம் திரளும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அப்படி ஒருவரை எங்கே தேடுவது? நேராக உள்ளூர்ப் போலீசாரிடம் போய், இந்த ஊர்க் கறுப்பர்களில் வேகமாகக் கார் ஓட்டுபவர் யார் என்று கேட்டார்கள். போலீசார் தயங்காமல் சொன்ன பெயர் வெண்டல் ஸ்காட். கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு இரவில் பறக்கும் அவருடைய காரைத் துரத்தித் துரத்திச் சலித்தவர்கள் அவர்கள்.

மே 23 அன்று டான்வில் சந்தைத் திடலில் ஸ்காட் முதல் பந்தயம் ஓடினார். ஓட்டிய வண்டியும் சாராயம் கடத்திய பழைய கார்களில் ஒன்றுதான். பார்வையாளர்களில் சிலர் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். அவருக்கோ அந்த ஓட்டம் பிடித்துப்போனது. அப்போது அவருக்கு வயது 30. மனைவி மேரி, குழந்தைகள், ஒரு மெக்கானிக் பட்டறை: அவரிடம் இருந்தவை இவ்வளவுதான். பந்தயத்துக்கென்று சேர்த்துவைத்த பணம் எதுவுமில்லை. இந்த நிலையிலிருந்து புறப்பட்டவர் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் உச்சப் பிரிவில் 495 முறை களம் கண்டார். அதில் ஒரே ஒரு முறை வென்றார். பதிவேட்டில் அந்த ‘1’ மட்டுமே முதலில் கண்ணில் படுகிறது. அதை வைத்து அவரை எடை போட்டால் அவரைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஸ்டாக் கார் என்றால் அன்று அடிப்படையில் கடையில் விற்கும் வகைக் கார். ஃபார்முலா பந்தயங்களில் ஓடும், சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் தனி வடிவ வண்டிகள் போன்றதல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்தப் பந்தயம் வளர்ந்ததற்கும் சாராயக் கடத்தலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. வெளியே சாதாரண ஃபோர்டு போலத் தெரிய வேண்டும். உள்ளே எஞ்சின் போலீஸ் வண்டியைவிட வலுவாக இருக்க வேண்டும். பின்பக்கம் சாராயப் பாரம் ஏற்றினாலும் வண்டி அமுங்கிக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள்தான் பிறகு பந்தய வண்டிகளையும் கட்டினார்கள். 1948-இல் பில் ஃபிரான்ஸ் தலைமையில் நாஸ்கார் அமைப்பு பதிவானது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அது நடத்திய முதல் உச்சப் பிரிவுப் பந்தயத்தில் கோட்டை முதலில் தாண்டியவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால், பாரம் தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்குகளை மாற்றியமைத்திருந்த சாராய வண்டி அது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ஆகவே, ஸ்காட்டின் பின்னணி இந்த விளையாட்டில் யாரும் முகம் சுளிக்கும் விஷயமே அல்ல. வெள்ளை ஓட்டுநர்கள் பலருக்கும் அதே பின்னணிதான். அவரை வேறுபடுத்தியது நிறம் மட்டுமே.

அவர் 1921 ஆகஸ்ட் 29 அன்று டான்விலில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில், 1865 ஏப்ரலில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு அரசு ரிச்மண்டிலிருந்து தப்பியோடித் தங்கிய ஊர் அது. ஸ்காட் வளர்ந்த காலத்தில் புகையிலைக் கிடங்குகளும் பெரும் துணி ஆலையும்தான் ஊருக்குச் சோறு போட்டன. அந்த ஆலையில் வேலைக்குப் போவதைச் சிறைக்குப் போவதற்குச் சமமாக அவர் கருதினார். அடுத்தவன் சொல்லும் நேரத்துக்கு எழுந்து, அடுத்தவன் சொல்லும் நேரத்துக்கு அடங்கும் வாழ்க்கை வேண்டாம் என்பது அவருடைய இளவயது முடிவு. தந்தை வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர், பழுதும் பார்த்தவர். கைவேலை அங்கிருந்து வந்தது. டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில், நிற அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்த ராணுவத்தில் வாகன மெக்கானிக்காக ஐரோப்பாவில் பணியாற்றினார். திரும்பி வந்து பட்டறை வைத்தார். வருமானம் போதாமல் சாராயம் கடத்தினார். 1949-இல் ஒரு முறை பிடிபட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். போலீசாருக்கு அவர் பெயர் நினைவில் இருந்ததில் வியப்பில்லை.

டான்வில் பந்தயத்துக்குப் பிறகு தன் காரை இழுத்துக்கொண்டு வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலம் நகருக்குப் போனார். நாஸ்கார் நடத்திய பந்தயம் அது. கறுப்பர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணீர் வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நாஸ்காருக்கு வெளியே சிறிய அமைப்புகள் நடத்திய பந்தயங்கள் இருந்தன. அங்கே ஓடினார், தொடங்கிய சில நாட்களிலேயே லிஞ்ச்பர்க் நகரில் ஒரு வெற்றியும் கிடைத்தது. ஆனால் உயர வேண்டுமானால் நாஸ்கார் உரிமம் வேண்டும். அதைப் பெற்ற விதம் விசித்திரமானது. ரிச்மண்டில் ஒரு சிறிய மண் தடத்தில், நாஸ்காரின் பகுதிநேர அலுவலராக இருந்த மைக் போஸ்டன் என்பவரிடம் நேரில் போய்க் கேட்டார். எதில் இறங்குகிறோம் என்று தெரிந்துதான் கேட்கிறாயா என்றார் போஸ்டன். தெரியும் என்றார் ஸ்காட். உரிமம் கிடைத்தது. டேடோனாவில் இருந்த தலைமையகம் இதை ரசிக்கவில்லை. தலைமையைக் கேட்காமல் ஒரு கீழ்நிலை அலுவலர் எடுத்த முடிவால்தான் நாஸ்காரின் நிறச் சுவரில் ஓட்டை விழுந்தது. வரலாற்றில் போஸ்டனுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்கலாம்.

1954 ஏப்ரலில் பில் ஃபிரான்ஸை ஸ்காட் முதன்முறையாகச் சந்தித்தார். முந்தைய இரவு ராலே நகரில் பந்தயம் நடத்திய அமைப்பாளர், வந்திருந்த வெள்ளை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஸ்காட்டுக்கு மட்டும் கையை விரித்திருந்தார். லிஞ்ச்பர்க் தடத்தில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட் பகுதியில் ஃபிரான்ஸிடம் இதைச் சொன்னபோது, அவர் தன் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்து, நாஸ்கார் உறுப்பினரான உங்களை நாஸ்கார் வேறுபடுத்தி நடத்தாது என்று உறுதியளித்தார். ஸ்காட் அந்த வாக்கை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். வாக்குக்கும் நடப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் அவருக்குக் காட்டின. தென் கரோலைனாவின் டார்லிங்டன் தளத்தில் பல ஆண்டுகள் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார்கள். நாஸ்கார் அதைத் தட்டிக் கேட்கவில்லை.

1959-இல் வர்ஜீனியா மாநில ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவுப் பட்டத்தையும் ரிச்மண்டின் சவுத்சைடு தடத்துப் பட்டத்தையும் வென்றார். உள்ளூர்த் தடங்களில் வண்டிகளுக்கிடையே வித்தியாசம் குறைவு. கை வண்ணம் பேசும். அங்கே அவர் பெற்ற வெற்றிகள் பத்துக் கணக்கில். 1961 மார்ச்சில், தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்க்கில், நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் காலடி வைத்தார். வயது 39. பெரும்பாலான ஓட்டுநர்கள் இறங்குமுகம் காணத் தொடங்கும் வயது.

இந்த இடத்தில் அந்தக் காலப் பந்தயத்தின் பொருளாதாரத்தைப் பார்க்காமல் மேலே போக முடியாது. கிராண்ட் நேஷனலில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று, ஃபோர்டு, கிரைஸ்லர் போன்ற கம்பெனிகளின் ஆதரவு பெற்ற அணிகள். எஞ்சின், உதிரிபாகம், பொறியாளர், சம்பளம் எல்லாம் வந்து சேரும். மற்றது, தன் காரைத் தானே வாங்கி, தானே பழுது பார்த்து, தானே இழுத்துக்கொண்டு போய் ஓட்டும் சுயேச்சைகள். 1964 டேடோனா 500 பந்தயத்தில் கிரைஸ்லர் தன் புதிய ஹெமி எஞ்சினை இறக்கியது. ரிச்சர்ட் பெட்டி 200 சுற்றுகளில் 184 சுற்றுகள் முன்னிலையில் இருந்து வென்றார். முதல் மூன்று இடங்களும் அதே எஞ்சினுக்கு. இந்த வித்தியாசத்தை ஓட்டுத் திறனால் ஈடுகட்ட யாராலும் முடியாது. ஸ்காட் சுயேச்சைகளிலும் கடைநிலையில் இருந்தார். பக் பேக்கர், நெட் ஜாரட் போன்ற முன்னணி ஓட்டுநர்கள் ஓட்டிக் கழித்த கார்களை விலைக்கு வாங்கினார். பெரிய அணிகள் வேண்டாமென்று விட்ட டயர்களிலும் பாகங்களிலும் பிழைத்தார். பிட் பகுதியில் சக்கரம் மாற்றியவர்கள் அவருடைய மகன்கள். பள்ளி வயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர்கள்.

வெள்ளைச் சுயேச்சை ஒருவருக்கும் வறுமை இருந்தது. ஆனால் நன்றாக ஓட்டினால் கம்பெனி அழைப்பு வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஸ்காட்டுக்கு அந்தக் கதவு இல்லை. அவர் ஓடிய ஆண்டுகள் முழுவதிலும் எந்த கார் கம்பெனியும் அவரைத் தன் அணியில் சேர்க்கவில்லை. பெரிய விளம்பரதாரர் யாரும் நிலையாக அவர் பக்கம் வரவில்லை. தென்மாநிலங்களில் விடுதி அறை கிடைக்காது, சாப்பாட்டுக் கடையில் உட்கார விடமாட்டார்கள். 1964 ஜூலையில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகும் சட்டத்தின் வேகத்தில் ஊர் மாறவில்லை. தடத்தில் வேண்டுமென்றே இடித்துத் தள்ளியவர்கள் உண்டு. இடித்தால் திருப்பி இடிக்கலாம்; அவரோ பெரும்பாலும் விலகிப்போனார். நொறுங்கினால் சரிசெய்யக் காசு அவர் பையிலிருந்துதான் போக வேண்டும் என்பது ஒன்று. கறுப்பர் ஒருவர் வெள்ளையர் கூட்டத்தின் நடுவே சண்டை தொடங்கினால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. அதேசமயம், பக்கத்தில் நின்று உதவியவர்களும் இருந்தார்கள். லிஞ்ச்பர்க்கைச் சேர்ந்த ஏர்ல் புரூக்ஸ் என்ற வெள்ளை ஓட்டுநர் அவருடைய நெருங்கிய நண்பர்.

இந்த நிலையில் வந்ததுதான் அந்த ஒற்றை வெற்றி.

1963 டிசம்பர் 1. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஸ்பீட்வே பார்க். அரை மைல் மண் தடம், 200 சுற்று, மொத்தம் 100 மைல். நாட்காட்டியில் 1963 என்றாலும் நாஸ்கார் கணக்கில் அது 1964 பருவத்தின் பந்தயம். அதிபர் கென்னடி கொல்லப்பட்டு ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. ஸ்காட்டின் சொந்த ஊரான டான்விலில் அந்த ஜூன் மாதம்தான் ஊர்வலம் போன கறுப்பர்களைப் போலீசார் தடியாலும் தண்ணீர்க் குழாய்களாலும் அடித்து விரட்டியிருந்தார்கள். ஜாக்சன்வில் தடம் குண்டும் குழியுமாக இருந்தது. இப்படிப்பட்ட தடத்தில் எஞ்சின் பலம் பாதிதான் உதவும். வண்டியை உடைக்காமல் ஓட்டத் தெரிந்தவருக்கு நல்ல நாள். முன்னணி வண்டிகள் ஒவ்வொன்றாகக் கோளாறு கண்டன. ஜாரட்டிடம் வாங்கிய 1962 மாடல் செவ்ரலே, எண் 34, தாங்கி நின்றது. இன்னும் 25 சுற்றுகள் இருக்கையில், பழுதோடு தடுமாறிய ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டி முன்னிலைக்கு வந்தார் ஸ்காட்.

200 சுற்று முடிந்தது. அவருக்குப் பந்தய முடிவைக் காட்டும் கட்டக் கொடி விழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தொடர்ந்து ஓட்டினார். கொடி விழுந்தது பக் பேக்கருக்கு. கோப்பையைப் பேக்கர் வாங்கிக்கொண்டார். வெற்றி மேடையில் படமும் பிடித்தாயிற்று. அந்தக் காலத்தில் சுற்றுக் கணக்கு மின்னணுக் கருவியில் வராது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒருவர் உட்கார்ந்து, அது கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அட்டையில் எழுதுவார். ஸ்காட் ஆட்சேபம் தெரிவித்தார். அட்டைகளைச் சரிபார்த்தபோது, அவர் 202 சுற்றுகள் ஓடியிருந்தது தெரிந்தது. அதாவது, இரண்டாவது வந்தவரைவிட முழுதாக இரண்டு சுற்று முன்னால். ஸ்காட்டை வெற்றியாளராக அறிவித்தபோது கூட்டம் கலைந்து போயிருந்தது. பரிசுத் தொகை 1,000 டாலர் கிடைத்தது. கோப்பை கிடைக்கவில்லை.

எண்ணியதில் நேர்ந்த பிழை என்றது நாஸ்கார். கையால் எண்ணுகையில் பிழை வருவது சகஜம்தான். வேறு பந்தயங்களிலும் வந்திருக்கிறது. ஆனால் முன்னிலை வகிக்கும் வண்டியை, அதுவும் இரண்டு சுற்று முன்னால் ஓடுவதை, மொத்தக் குழுவும் தவறவிடுவது எளிதல்ல. வெற்றி மேடையில் கோப்பை வழங்கும் அழகி வெற்றியாளருக்கு முத்தமிடுவது அன்றைய வழக்கம். வெள்ளைப் பெண் ஒருத்தி கறுப்பருக்கு முத்தமிடும் காட்சியை ஃபுளோரிடாவின் கூட்டத்துக்கு முன் வைக்க அவர்களுக்கு மனமில்லை என்பது ஸ்காட்டின் உறுதியான நம்பிக்கை. நடந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் அவர் சொன்னதே பொருந்துகிறது. சில வாரங்கள் கழித்து அவருக்குக் கொடுத்தது மலிவான மரத்துண்டு ஒன்று. 2010-இல் ஜாக்சன்வில் பந்தய அமைப்பு ஒன்று குடும்பத்துக்கு மாதிரிக் கோப்பை வழங்கியது. நாஸ்காரே ஒரு கோப்பை செய்து டேடோனாவில் கொடுத்தது 2021 ஆகஸ்ட் 28 அன்று, ஸ்காட்டின் நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். இடையில் 57 ஆண்டுகள்.

இந்தக் கோப்பைக் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதில் தவறில்லை. ஆனால் அது ஸ்காட்டின் வாழ்க்கையை ஒரு மாலைப் பொழுதாகச் சுருக்கிவிடுகிறது. அவருடைய உண்மையான சாதனையைப் புள்ளிப் பட்டியலில் தேட வேண்டும். 1964 பருவத்தில் நடந்த 62 பந்தயங்களில் அவர் 56-இல் ஓடினார். அடுத்த ஆண்டு 52. 1966-இல் 45 பந்தயங்கள் ஓடி, பருவப் புள்ளிக் கணக்கில் ஆறாவது இடம். 1967-இல் பத்தாவது, 1968-இலும் 1969-இலும் ஒன்பதாவது. அதே 1967-இல்தான் ரிச்சர்ட் பெட்டி ஒரே பருவத்தில் 27 பந்தயங்களை வென்றார். அதில் தொடர்ச்சியாகப் பத்து. இன்றுவரை யாரும் நெருங்காத சாதனை. பெட்டியின் பின்னால் ஒரு தொழிற்கூடமும் கிரைஸ்லரும் இருந்தன. ஸ்காட்டின் பின்னால் டான்வில் பட்டறையும் பிள்ளைகளும் இருந்தார்கள். இருவரும் ஓடியது ஒரே தடங்களில்.

அவருடைய மொத்தக் கணக்கு: 495 பந்தயங்களில் முதல் ஐந்துக்குள் 20 முறை, முதல் பத்துக்குள் 147 முறை. கிட்டத்தட்ட முப்பது சதவீதம். 1962-இல் சவானா நகரில் தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓடி முதல் இடத்திலிருந்து தொடங்கியதும் உண்டு. கழித்துப்போட்ட காரையும் பழைய டயரையும் வைத்துக்கொண்டு மூன்று பந்தயத்துக்கு ஒன்று என்ற அளவில் முதல் பத்துக்குள் வருவது எப்படி? புள்ளி, வண்டியை முடிவுவரை கொண்டுசேர்ப்பவருக்குத்தான் கிடைக்கும். எஞ்சினை எந்த அளவுக்கு முடுக்கலாம், எங்கே முடுக்கினால் உடையும் என்று அதைக் கட்டியவருக்கே தெரியும். இந்தச் சுற்றில் ஓர் இடம் முன்னேறப் போய் எஞ்சின் போனால், அடுத்த வாரப் பந்தயமும் போச்சு, வீட்டுச் செலவுக்குப் பணமும் போச்சு. ஸ்காட் அப்படிக் கணக்கிட்டு ஓட்டினார். இதைப் பார்த்துவிட்டு, அவர் வெற்றிக்கு ஆசைப்படாத ஓட்டுநர் என்று சொன்னவர்கள் உண்டு. ஆசைப்பட அவருக்கு வசதி இல்லை என்பதே உண்மை. பதின்மூன்று பருவங்களில் அவர் ஈட்டிய மொத்தப் பரிசுப் பணம் சுமார் 1,80,000 டாலர். பந்தயத்துக்குச் சராசரியாகச் சுமார் 365 டாலர் தேறும். டயர், பெட்ரோல், பாகங்கள், பயணம், சாப்பாடு எல்லாம் இதற்குள்.

1970-களின் தொடக்கத்தில் விளையாட்டின் முகம் மாறியது. 1971-இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனி தன் வின்ஸ்டன் பெயரோடு பெரும் பணம் கொண்டுவந்தது. சிறிய மண் தடங்களும் குறுகிய பந்தயங்களும் உச்சப் பிரிவிலிருந்து நீங்கின. 1971-இல் 48 ஆக இருந்த பந்தயங்கள் 1972-இல் 31 ஆயின. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் ஏற்ற பெரிய, வேகமான தளங்கள் மட்டும் மிஞ்சின. நிர்வாகக் கோணத்தில் இது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் எண்ணிக்கையாலும் நிதானத்தாலும் பிழைத்த சுயேச்சைகளுக்கு இது தொழில் போனதற்குச் சமம். ஸ்காட் 1971-இல் 37 பந்தயங்கள் ஓடினார். 1972-இல் ஆறு.

பெரிய தளங்களில் ஈடுகொடுக்க வேண்டுமானால் நல்ல வண்டி வேண்டும். கடன் வாங்கி ஒரு மெர்க்குரி கார் வாங்கினார். 1973 மே 6 அன்று அலபாமாவின் டாலடேகாவில், பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், முன்னால் போன வண்டியொன்றின் எஞ்சின் வெடித்து எண்ணெய் சிந்த, இருபது வண்டிகளுக்கு மேல் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டுக்கு விலா எலும்புகள், இடுப்பெலும்பு, கால்கள் முறிந்தன. கார் குப்பையானது, கடன் மிச்சமிருந்தது. அந்த அக்டோபரில் சார்லட்டில் ஒரு முறை ஓடி, பன்னிரண்டாவதாக வந்தார். 52 வயதில், உடைந்து சேர்ந்த கால்களோடு. அதுதான் உச்சப் பிரிவில் அவருடைய கடைசிப் பந்தயம். பிறகு டான்வில் பட்டறைக்கே திரும்பினார். 1977-இல் ரிச்சர்ட் பிரையர் நடிப்பில் அவர் வாழ்க்கையைத் தழுவி ‘கிரீஸ்டு லைட்னிங்’ என்ற படம் வந்தது. 1990 டிசம்பர் 23 அன்று முதுகெலும்புப் புற்றுநோயால் ஸ்காட் இறந்தார். நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2015-இல். அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஒரு முன்னோடி வந்துவிட்டால் பாதை தானாகத் திறந்துவிடும் என்ற நம்பிக்கையை ஸ்காட்டுக்குப் பிந்தைய பதிவுகள் ஆதரிக்கவில்லை. 1986-இல் வில்லி டி. ரிப்ஸ் உச்சப் பிரிவில் மூன்று பந்தயங்கள் ஓடினார். 2006-இல் பில் லெஸ்டர் இரண்டு. ஸ்காட் முழுப் பருவம் ஓடுவதை நிறுத்திய 1971-க்குப் பிறகு, அப்படி ஓடிய அடுத்த கறுப்பின ஓட்டுநர் வர 2018 ஆனது. அவர் பப்பா வாலஸ். சிறுபான்மை இனத்தவரையும் பெண்களையும் வளர்த்தெடுக்க நாஸ்கார் 2004-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே வந்தவர். சிறு வயதில் கார்ட் எனும் சிறு பந்தய வண்டி ஓட்டத் தொடங்கி, அணி, பயிற்சி, விளம்பரதாரர் என்று படிப்படியாக மேலே ஏறியவர். ஸ்காட்டுக்கு எவை மறுக்கப்பட்டன என்பதை வாலஸின் பயணத்தோடு ஒப்பிட்டால் துல்லியமாகப் பட்டியல் போடலாம். 2020 ஜூனில், வாலஸ் வெளிப்படையாகக் கேட்டதைத் தொடர்ந்து, தளங்களில் பறந்துகொண்டிருந்த கூட்டமைப்புக் கொடியை நாஸ்கார் தடை செய்தது.

2021 அக்டோபர் 4 அன்று டாலடேகாவில் மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட பந்தயத்தில் வாலஸ் வென்றார். உச்சப் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர். அவர் ஓட்டியது கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானும் ஓட்டுநர் டென்னி ஹாம்லினும் சேர்ந்து நடத்தும் அணியின் 23-ஆம் எண் வண்டி. டொயோட்டா ஆதரவு, பொறியாளர்கள், தேர்ந்த பிட் குழு, நிரந்தர விளம்பரதாரர்கள் எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டு கான்சஸில் மீண்டும் வென்றார். 2025 ஜூலையில் இண்டியானபோலிஸில் மூன்றாவது முறை.